நகப்பூச்சு ஏன் நிற்பதில்லை? வீட்டில் நகம் பேணுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

குமரி மாவட்டத்தில் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட ஊர்களில் பெண்களின் கைகள் நாளின் பெரும்பகுதி ஈரத்திலும் எண்ணெயிலும் புழங்குகின்றன. மரச்சீனிக் கிழங்கைத் தோலுரிப்பது, மீனைச் செதில் சீவிக் கழுவுவது, தேங்காய் துருவுவது, ரப்பர் பாலில் ஆசிட் கலந்து ஷீட் அடிப்பது என ஒவ்வொரு வேலையும் நகத்தின் மேல் ஏதாவது ஒன்றைப் படியவைக்கிறது, அல்லது நகத்திலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துவிடுகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் என்பதால் காற்றின் ஈரமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே குளிரூட்டிய அழகு நிலையங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் குறிப்புகளை அப்படியே பின்பற்றுகிறவர்களுக்கு, அதே பூச்சும் அதே தூரிகையும் இருந்தும், பூச்சு ஒரு வாரம்கூட நிற்பதில்லை.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு விலை குறைந்த பூச்சு காரணமல்ல. தண்ணீரும் தேங்காயெண்ணெயும் வரக் கூடாத நேரத்தில் வருவதே காரணம். இரண்டும் நகத்துக்குத் தேவையானவை; ஆனால் அவற்றின் இடம் பூச்சுக்கு மிக முன்னதாகவோ, பூச்சு முழுமையாகக் காய்ந்த பின்னரோதான். இதை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் பார்லருக்குச் செலவழிக்கும் பணத்தையும், திருமண நாள்களில் அங்கே காத்திருக்கும் நேரத்தையும் மிச்சப்படுத்தலாம். கீழே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அதன் காரணத்தை எப்படிக் கண்டறிவது, எப்படிச் சரிசெய்வது என்று சொல்கிறேன்.

பூச்சு ஒரே நாளில் பெயர்ந்துவிடுகிறது

முதலில் அது எப்படிப் பெயர்கிறது என்று பாருங்கள். நகத்தின் நுனியில் மட்டும் சிறு சிறு துண்டுகளாக உடைகிறதா, அல்லது ஓரத்தில் வேறொரு நகம் பட்டதும் முழுப் பூச்சும் ஒரே தகடாகக் கழன்று வருகிறதா என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

தகடாகக் கழன்று வந்தால் பூச்சு நகத்தை ஒருபோதும் பற்றவில்லை என்று பொருள். நகத்தின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்திருக்கும், அல்லது நகமே தண்ணீரை உறிஞ்சிய நிலையில் இருந்திருக்கும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை; தலைக்கு எண்ணெய் தேய்த்த கை, தேங்காய் துருவிய கை, பலாப்பழத்தின் பால் ஒட்டாமலிருக்க எண்ணெய் பூசிக்கொண்ட கை, கழுவிய பின்னும் மெல்லிய படலத்தை வைத்திருக்கும். சோப்பால் கழுவினால் போதும் என்று நினைப்பது தவறு, ஏனெனில் கழுவும்போது நகம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கைகழுவி, நன்றாக உலர்ந்த பிறகு, பஞ்சு இழை ஒட்டாத துணியில், பூச்சை அகற்றும் ரிமூவரைச் சிறிது தொட்டு ஒவ்வொரு நகத்தையும் ஒருமுறை துடையுங்கள். நகத்தின் நடுவைத் துடைத்து ஓரங்களை விட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. பூச்சு கழலத் தொடங்குவதோ ஓரத்தில்தான். ஆகவே இரு பக்க ஓரங்களையும், தோலை ஒட்டிய அடிப்பகுதியையும், நுனியின் விளிம்பையும் தனித்தனியாகத் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு நகத்தை விரலால் தொடாதீர்கள்.

ஈரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நகம் கல்லைப்போல் தோன்றினாலும் அது நீரை எளிதாக உறிஞ்சும் பொருள். வெந்நீரில் கையை ஊறவைத்தால் நகம் சற்று விரிந்து வளைவு தளர்கிறது. காயும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. விரிந்த நகத்தின் மேல் பூசிய பூச்சு, நகம் சுருங்கும்போது கூடவே சுருங்க முடியாமல் விரிசல் விட்டுத் தூக்கிக்கொள்கிறது. கிண்ணத்தில் வெந்நீர் வைத்து விரல்களை ஊறவைத்து, துடைத்த கையோடு பூச்சைத் தொடங்கும் பழக்கம் பார்லர்களிலும் உண்டு. அது கைக்கு இதமாக இருக்கிறதே தவிர, பூச்சுக்கு நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து.

எனவே வேலையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ திருமணத்துக்கோ போக வேண்டுமானால், வெள்ளிக்கிழமை இரவு குளித்த பின், தோல் இளகியிருக்கும்போது, நகத்தின் அடிப்பகுதியில் மேலே ஏறியிருக்கும் மெல்லிய தோலைத் துணியால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, தேங்காயெண்ணெய் தேய்த்து விடுங்கள். சனிக்கிழமை மதியம், சமையலும் பாத்திரமும் முடிந்து ஒரு மணி நேரமாவது கழிந்த பின், உலர்ந்த நகத்தை அராவி, ரிமூவரால் துடைத்து, பூச்சைத் தொடங்குங்கள். அடிப்பூச்சாக பேஸ் கோட் ஒன்று, நிறப்பூச்சு மெல்லியதாக இரண்டு, மேலே டாப் கோட் ஒன்று என்பதே வரிசை.

நுனியில் மட்டும் உடைகிறது என்றால் பற்றுதலில் குறையில்லை. விளிம்பு மூடப்படாமல் இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கைப் பூசும்போதும் தூரிகையின் நுனியால் நகத்தின் வெட்டு விளிம்பையும் ஒருமுறை வருடிவிடுங்கள். டாப் கோட்டில் இதைத் தவறவே விடக் கூடாது. வலது கையில் மட்டும் உடைகிறதென்றால், அந்தக் கை செய்யும் வேலையைப் பாருங்கள். டப்பா மூடியை நெம்புவது, ரப்பர் ஒட்டுப்பாலைக் கிள்ளி எடுப்பது, பூண்டு உரிப்பது போன்றவற்றுக்கு நகத்தைக் கருவியாகப் பயன்படுத்தும் வரை எந்தப் பூச்சும் நிற்காது. அப்படிப்பட்ட வேலை உள்ளவர்கள் நகத்தை விரல் நுனி அளவுக்கு வெட்டி, நிறமில்லாத பூச்சு மட்டும் இடுவதே அழகாகவும் இருக்கும்.

தொட்டால் காய்ந்தது போலிருக்கிறது. காலையில் போர்வையின் வரி பதிந்திருக்கிறது

சாதாரண நகப்பூச்சு என்பது நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்த திரவம். கரைப்பான் ஆவியாகி வெளியேறினால்தான் பூச்சு இறுகும். மேற்பரப்பு முதலில் காய்ந்து மூடிக்கொண்டால் அடியிலுள்ள கரைப்பான் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. ஆகவே தடித்த ஓர் அடுக்கைவிட மெல்லிய இரண்டு அடுக்குகள் விரைவாகக் காயும். முதல் அடுக்கில் நகம் கோடுகோடாகத் தெரிந்தால் கவலைப்பட்டு மேலும் மேலும் தடவாதீர்கள். இரண்டாவது அடுக்கு அதை மூடிவிடும். அடுக்குகளுக்கிடையே சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரம் வந்துவிடும். முழுவதும் இறுகப் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் படுக்கப் போகுமுன் பூசுவதை விட்டு மதியத்தில் பூசச் சொல்கிறேன்.

பழைய புட்டியில் பூச்சு நூலாக இழுபடும் அளவுக்குத் தடித்துப்போயிருந்தால் அதில் ரிமூவரை ஊற்றாதீர்கள். ரிமூவரில் நீரும் எண்ணெயும் கலந்திருக்கலாம். அவை பூச்சின் கட்டமைப்பைக் கெடுத்துவிடும். நகப்பூச்சுக்கென்றே விற்கப்படும் தின்னர் இரண்டு மூன்று சொட்டு போதும். கழுத்தில் உறைந்திருக்கும் பூச்சை ஒவ்வொரு முறையும் துடைத்து மூடினால் புட்டி நெடுநாள் கெடாமலிருக்கும்.

பளபளப்பு போய் வெண்மையான மூட்டம் படர்கிறது

இது ஆனி, ஆடி, ஐப்பசி மழை நாள்களில் இந்தப் பக்கத்தில் அடிக்கடி காணும் குறை. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராவி நுண்துளிகளாகப் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. மரச்சாமான்களுக்கு மழைக்காலத்தில் வார்னிஷ் அடிக்கும் ஆசாரிமார் நன்கறிந்த கோளாறுதான் இது. சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியின் கீழே கையை நீட்டுவது மேலும் குளிர்வித்து நிலைமையை மோசமாக்கும். மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், விசிறியை நிறுத்துங்கள், அடுக்கை மெல்லியதாக்குங்கள். மூட்டம் மேலடுக்கில் மட்டும் இருந்தால் ஈரம் குறைந்த நாளில் இன்னொரு டாப் கோட் இட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சிறு குமிழ்கள்

புட்டியைக் குலுக்குவதால் காற்று கலக்கிறது. இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து மெதுவாக உருட்டுங்கள். குலுக்காமலும் குமிழ் வந்தால் அடுக்கு தடித்துவிட்டது அல்லது பூச்சு பழையதாகிவிட்டது.

நகம் நுனியில் தாள் தாளாகப் பிரிகிறது

இதற்கு முதல் காரணம் கால்சியம் குறைவு என்று எல்லாரும் சொல்வார்கள். நகத்தின் உறுதி கெராட்டின் என்ற புரதத்திலிருந்து வருகிறது. கால்சியத்துக்கு அதில் பங்கு மிகச் சிறிது. அடுக்குகள் பிரிவதற்கு மிகப் பொதுவான காரணம் திரும்பத் திரும்ப நனைவதும் காய்வதுமே. ஒவ்வொரு முறையும் நகம் விரிந்து சுருங்கும்போது அடுக்குகளுக்கிடையிலான பிடிப்பு தளர்கிறது. பாத்திரம் கழுவுதல், துணி துவைத்தல், மீன் கழுவுதல் ஆகியவற்றை நாளெல்லாம் பிரித்துப் பிரித்துச் செய்வதைவிட, இயன்ற அளவு சேர்த்துச் செய்வதால் நனையும் தடவைகள் குறையும். ரப்பர் கையுறை அணிவதானால் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் அணியுங்கள்; இல்லாவிட்டால் வியர்வையே நகத்தை ஊறவைத்துவிடும்.

ரப்பர் ஷீட் அடிக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலத்தையும், முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும்போது கையில் படும் ஓட்டெண்ணெயையும் தனியாகச் சொல்ல வேண்டும். இவை நகத்தை மட்டுமல்ல, தோலையும் புண்ணாக்குபவை. இந்த வேலைகளைச் செய்கிறவர்கள் அழகுக்கான எதையும் தொடங்குமுன் கையுறைக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஓட்டெண்ணெயால் வெந்து கறுத்த விரலில் ரிமூவர் படவே கூடாது.

ரிமூவரும் நகத்தை உலர்த்தும். நிறத்தை நாளுக்கொன்றாக மாற்றுவதை நிறுத்தி, வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் அதைத் தொடாதிருங்கள். அராவும்போது அரத்தை ரம்பம்போல முன்னும் பின்னும் இழுக்காமல், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில், நகம் உலர்ந்திருக்கும்போது இழுங்கள். சொரசொரப்பான இரும்பு அரத்தைவிடக் கண்ணாடி அரம் நல்லது. நகத்தை வெட்டுவது மட்டும் குளித்த பின் இளகிய நிலையில் எளிது. தடித்த நகம் அப்போது தெறித்துப் பிளக்காது. இரவில் கைவேலை முடிந்ததும் தேங்காயெண்ணெய் தேய்ப்பது இங்கே முழுப் பயன் தரும், ஏனெனில் உள்ளே இருக்கும் ஈரத்தை அது வெளியேறவிடாமல் காக்கிறது.

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. அடியிலிருந்து நுனிவரை புதிதாக வளர ஆறு மாதம் ஆகும். ஆகவே இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டுப் பயனில்லை என்று கைவிடாதீர்கள். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயோட்டின் அதிக அளவில் உடலில் இருந்தால் அது தைராய்டு, மாரடைப்பு ஆகியவற்றுக்கான சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவுகளைத் தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்திருக்கிறது. உண்பவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

நகம் மஞ்சளாகிவிட்டது

மூன்று வகை மஞ்சள் உண்டு. பூச்சை அகற்றியபின் பத்து விரல்களிலும் சீராகத் தெரிந்தால், அடர்ந்த சிவப்பு போன்ற நிறப்பூச்சின் சாயம் பேஸ் கோட் இல்லாததால் நகத்தில் இறங்கியிருக்கிறது. அது வளர்ந்து வெளியேற வேண்டியதுதான். சுரண்டியோ தேய்த்தோ எடுக்க முயன்றால் நகம் மெலிந்துபோகும்.

வலது கையின் மூன்று நான்கு விரல்களில் மட்டும் என்றால் அது மீன்கறியின் மஞ்சள். சோப்பு பட்டதும் அது சற்றுச் சிவந்து தெரிந்தால் ஐயமே வேண்டாம். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தன்மையில் சிவக்கும். இந்தக் கறை வெயிலில் தானே மங்கும். ஆனால் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்காராதீர்கள். எலுமிச்சையிலுள்ள சில பொருள்கள் சூரிய ஒளியில் தோலைச் சுட்டுக் கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாக்கும். மேலும், வெளிர்நிறப் பூச்சு இட்டுக்கொண்டு கையால் உண்கிறவர்களுக்குப் பூச்சே மஞ்சளாகும். அடர்நிறம் தேர்வதைத் தவிர இதற்கு நல்ல வழி கிடையாது.

ஒன்றிரண்டு நகங்களில் மட்டும், அதுவும் தடித்து, நொறுங்கி, அடியில் மாவு போன்ற பொருள் சேர்ந்து மஞ்சளாக இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதன் மேல் பூச்சிட்டு மறைக்காதீர்கள். தோல் மருத்துவர் நகத்தைச் சிறிது சுரண்டிப் பரிசோதித்து உறுதி செய்த பிறகே மருந்து தொடங்க வேண்டும். மருந்தும் மாதக்கணக்கில் தொடரும். அந்த நகத்துக்குப் பயன்படுத்திய வெட்டியை வீட்டில் வேறு யாரும் தொட வேண்டாம்.

மாதக்கணக்கில் இடைவெளியின்றிப் பூசிவிட்டு அகற்றும்போது சொரசொரப்பான வெண்திட்டுகள் தெரிந்தால், மேலடுக்கு பூச்சோடு பெயர்ந்து வந்திருக்கிறது என்று பொருள். சில வாரங்கள் வெறும் நகமாக விட்டு எண்ணெய் தேய்த்தால் போதும்.

நகக்கண்ணைச் சுற்றி வலிக்கிறது, சிவந்திருக்கிறது

நகச்சுற்று என்று நாம் சொல்வது இதுதான். நகத்தின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல், நகத்துக்கும் சதைக்கும் இடையிலான இடுக்கை மூடி வைத்திருக்கிறது. அழகுக்காக அதை வெட்டி எடுத்தால் அந்த இடுக்கு திறந்துகொள்கிறது. ஈரத்தில் புழங்கும் கையில் கிருமி நுழைய அது போதும். இந்த ஒன்றில் நான் சிறிதும் இணங்க மாட்டேன்: அந்தத் தோலைத் தள்ளலாம், வெட்டக் கூடாது. பக்கத்தில் பிய்ந்து நிற்கும் சிலும்பை மட்டும் சுத்தமான சிறு கத்தரியால் அடியோடு வெட்டுங்கள். பல்லால் கடித்து இழுத்தால் உயிருள்ள தோலும் சேர்ந்து கிழியும்.

சிவப்பு மட்டும் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு நாளில் சில முறை விரலை வைத்து, பின்பு நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிக்கொள்வது நம் வீடுகளில் பழைய வழக்கம். புண்ணான தோலில் அந்த அமிலம் எரிச்சலைக் கூட்டுவதோடு, தேவையான சிகிச்சையையும் தள்ளிப்போடுகிறது. சீழ் தெரிந்தாலோ, விண்ணென்று தெறிக்கும் வலி இருந்தாலோ, சிவப்பு விரலில் மேலேறினாலோ மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிவப்பைக் கண்ட நாளிலேயே செல்ல வேண்டும். ஊசியால் குத்திச் சீழ் எடுப்பது எவருக்கும் கூடாது.

நகம் சதையிலிருந்து தூக்கிக்கொண்டு அடியில் வெளுப்பாகத் தெரிகிறது

நகத்தின் அடியில் சேரும் மண்ணை ஈர்க்குச்சியாலோ ஊக்காலோ ஆழமாகக் குடைந்து எடுப்பது இதற்குப் பொதுவான காரணம். தூக்கிய பகுதி மீண்டும் ஒட்டாது. வளர்ந்து வரும் புதிய பகுதிதான் ஒட்டும். அதுவரை நகத்தைக் குட்டையாக வெட்டி வைத்து, அடியில் மென்மையான பிரஷால் மட்டும் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். அந்த இடைவெளியில் பச்சை நிறம் படர்ந்தால் அது ஈரத்தில் பெருகும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. மேலே பூச்சிட்டு மூடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடையாத போதும் பல நகங்கள் தூக்கிக்கொண்டால் தைராய்டு, சொரியாசிஸ் போன்றவற்றையும் மருத்துவர் பார்ப்பார்.

ஜெல் பூச்சு இட்ட பிறகு அரிப்பு

ஒளிவிளக்கில் இறுக்கும் ஜெல் பூச்சுகள் இப்போது இணையத்தில் வாங்கக்கூடிய பெட்டிகளாக வருகின்றன. இறுகாத ஜெல் தோலில் பட்டால் அதிலுள்ள அக்ரிலேட்டுகள் என்ற வேதிப்பொருள்களுக்கு ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை உண்டானால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பல் மருத்துவத்திலும் எலும்பு அறுவைச் சிகிச்சையிலும் அதே குடும்பப் பொருள்கள் பயன்படுவதால் இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் ஹெமா என்ற அக்ரிலேட் கலந்த நகப்பூச்சுகளைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. ஜெல்லை ஒளியில் இறுகச் செய்யும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது. விரல் நுனியில் அரிப்பு, தோல் வெடிப்பு, கண்ணிமையில் தடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் ஜெல்லை விட்டுவிடுங்கள். வீட்டுக்குச் சாதாரணப் பூச்சே போதும் என்பது என் கருத்து.

ஏற்கெனவே இட்டதை நெம்பி உரிக்காதீர்கள். நகத்தின் மேலடுக்கும் கூடவே வந்துவிடும். மேற்பரப்பை லேசாக அராவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் இளகும். அசிட்டோனை பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள், சில வகைப் பிளாஸ்டிக் அதில் கரையும். எவர்சில்வர் கிண்ணம் நல்லது. அசிட்டோனின் ஆவி எளிதில் தீப்பற்றும். எரியும் அடுப்புள்ள சமையலறையிலோ, குத்துவிளக்கோ சொரூபத்தின் முன் மெழுகுதிரியோ எரியும் அறையிலோ ரிமூவர் புட்டியைத் திறக்கக் கூடாது.

நகத்தில் கருங்கோடு, குழிவு

இவை பேணுதலில் வரும் பிழைகள் அல்ல. சிறு வெண்புள்ளிகளும் நீளவாக்கு வரிகளும் பெரும்பாலும் கவலைக்குரியவையல்ல. முன்னவை சிறு அடிகளால் வருபவை, பின்னவை வயதோடு வருபவை. ஆனால் கரண்டிபோல் குழிந்த நகம் இரும்புச்சத்துக் குறைவால் வரலாம். இரத்தப் பரிசோதனை வேண்டும். ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கருங்கோடு, அரிதாக, தோல் புற்றுநோயின் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதால் அதைத் தோல் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். போகும்போது எல்லா விரல்களிலிருந்தும் பூச்சை அகற்றிவிட்டுச் செல்லுங்கள். அடர்ந்த நிறப்பூச்சு நகத்தை மறைப்பதோடு, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியின் கணக்கையும் பிசகச் செய்யலாம். மருத்துவரைப் பார்க்கும்வரை மருதாணியும் இட வேண்டாம், ஏனெனில் அந்தக் கறையை எந்த ரிமூவராலும் அகற்ற முடியாது.